யானை வயலுக்குள் வர்ற ஊரில் "யானையைக் காப்போம்" என்று எப்படிப் பாடம் எடுப்பது?

உப்புக்காற்று (மொம்பாசா)

எல்லாருக்கும் வணக்கம். மொம்பாசாவில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். சொந்த ஊர் தூத்துக்குடி, கென்யா வந்து ஏழு வருசம். எங்க பள்ளிக்கூடம் வோய் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு பெஞ்சு, புத்தகம்னு உதவி பண்ணிக்கிட்டு இருக்கு. இந்த வருசம் அங்கே வனவிலங்கு மன்றம் நடத்தணும்னு முடிவாச்சு. மன்றத்துக்குப் பொறுப்பான வாத்தியாரை இங்கே 'பேட்ரன்' என்பாங்க. உயிரியல் டீச்சர் ரெண்டு பேரும் நைசா நழுவிட்டாங்க. மாட்டினது நான்.

மாசம் ஒரு சனிக்கிழமை, ஆறு வகுப்பு. போன வாரம் முதல் வகுப்பு. மடிக்கணினி நிறைய படங்களோட போனேன். தந்த வேட்டை, அனாதையான யானைக்குட்டி, "காப்போம் வாங்க", இந்த ரகம். எதிரே 43 பிள்ளைகள், பதினொண்ணு பன்னெண்டு வயசு. கிராமத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கிழக்கு சாவோ தேசியப் பூங்கா எல்லை. அங்கத்து யானைகள் செம்மண்ணைப் பூசிப் பூசி செங்கல் நிறத்தில் இருக்கும், படத்தில் பார்த்திருப்பீங்க.

முதல்ல ஒரு யானை வரைங்கன்னேன். வரைஞ்சாங்க. முக்கால்வாசிப் படத்தில் ராத்திரி. கறுப்புப் பென்சிலால் தாள் முழுக்கத் தேய்ச்சு இருட்டாக்கிட்டு, நடுவில் யானை, மக்காச்சோளம், ஓரத்தில் டார்ச்சும் தகர டப்பாவும் வச்சுக்கிட்டு ஒரு ஆள். ஒரு பொண்ணு படத்தில் கூரையே இல்லாத வீடு. கேட்டா, மாவு மூட்டை வாசத்துக்கு யானை சுவரை இடிச்சதாம், போன டிசம்பரில்.

ஒரு பையன் எழுந்து, "டீச்சர், உங்க ஊர்ல யானை வருசத்துக்கு எத்தனை பேரைக் கொல்லும்?"ன்னு கேட்டான். தூத்துக்குடியில் யானை கிடையாது, கோயில்ல இருக்கிறதைத் தவிர. அதைச் சொன்னதும், "அப்ப நீங்க எதுக்கு எங்களுக்கு யானைப் பாடம் எடுக்கிறீங்க?"ன்னான். சிரிப்பே இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான்.

மடிக்கணினியைத் திறக்காமலே ஊர் திரும்பிட்டேன். இன்னும் அஞ்சு வகுப்பு பாக்கி. ஆப்பிரிக்காவில் வாத்தியார் வேலை பார்த்தவங்க, காடு தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வழி சொல்லுங்க.

கலகாரி_வெயில்

போட்ஸ்வானாவில் பதினோரு வருசம் அறிவியல் வாத்தியாரா இருந்தேன் சார். அந்த மடிக்கணினியை இனியும் திறக்காதீங்க.

ஒகவாங்கோ ஆத்து டெல்டா ஓரத்தில் மவுன் ஊரில் கால்பந்து வழியா இதைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு திட்டம் உண்டு. அங்கே காட்டு மிருகங்கள்தான் பயிற்சியாளர்கள். கூட்டமா ஓடி, கூட்டமா வேட்டையாடி, அடிபட்டதுக்கும் இரை கொண்டுவந்து கொடுக்கிற ஆப்பிரிக்கக் காட்டுநாய்கிட்டே பந்தைக் கடத்திக் கொடுக்கக் கத்துக்கிறாங்க. பந்து உருள ஆரம்பிச்சா பிள்ளைங்க பேச ஆரம்பிக்கும், பாடம் நடுவில் தானா வந்துரும். ஆனா காட்டுநாய் பத்திப் பேசுறது சுலபம், எலிபன்ட் பத்தி அப்படிப் பேச முடியாதுன்னு எங்க பள்ளியிலேயே சண்டை நடந்தது. நாட்டில் லட்சத்து முப்பதாயிரம் யானை. பாடத்தில் யானைன்னு சொன்னாலே பையன்கள் மூஞ்சி மாறும்.

ஒகவாங்கோவுக்கு வடக்கே, யானைத்தடம் குறுக்கிடுற சாலையில் ஜனங்களையும் பிள்ளைகளையும் ஏத்திப் போக 'எலிபன்ட் எக்ஸ்பிரஸ்'னு பஸ் விட்டாங்க. என்னைக் கேட்டா அந்தப் பஸ் பெரிய பாடம். அதில் ஏறுற பிள்ளைக்கு யாரும் சுவரொட்டி காட்ட வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி

பேர் வச்சதுக்கு ஏத்த மாதிரியே பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. சாவோ 1948இல் பூங்கா ஆனது. அதுக்கு முன்னாடி அங்கே வாட்டா என்கிற ஜனங்க நீண்ட வில்லும் விஷ அம்பும் வச்சு யானை வேட்டையாடி வாழ்ந்தாங்க. ஒரு கோடு போட்டதும் அவங்க தொழில் குற்றமாச்சு. அம்பதுகளில் வாட்டா ஆண்களைப் பிடிச்சுப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. அதே காலத்தில் லைசன்ஸ் வாங்கின வெள்ளைக்காரர் சுட்டா அதுக்குப் பேர் சஃபாரி. அந்தப் பக்கம் தான்சானியாவில் செரங்கெட்டியிலிருந்து 1959இல் மாசாய்களை வெளியேத்தினாங்க.

இந்தக் கதையைச் சொல்லாம "இது நம் பாரம்பரியச் சொத்து பிள்ளைகளா"ன்னு ஆரம்பிச்சா, சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தாத்தா ஒரு வார்த்தையில் உங்க பாடத்தைக் கவுத்துருவார். பூங்கா வாசல்ல பிறந்து வளர்ந்து ஒரு தடவைகூட உள்ளே போகாத பிள்ளைங்க அங்கே எத்தனைன்னு கேட்டுப் பாருங்க.

உப்புக்காற்று

கேட்டேன், தலைமையாசிரியர்கிட்டே. 43இல் உள்ளே போனவங்க நாலு பேர். அதில் ரெண்டு பேரோட அப்பா உள்ளே லாட்ஜில் வேலை பார்க்கிறவர்.

தாவடி (டொரன்டோ)

நான் ஒரு பழைய கதை சொல்லுறன். அப்பா யாழ்ப்பாணத்தில இருந்து எழுபத்தொன்பதாம் ஆண்டு சாம்பியாவுக்கு வாத்தியாராப் போனவர். அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேர் சாம்பியா, நைஜீரியா எண்டு போனவை. நான் காப்வேயில பள்ளிக்கூடம் படிச்சனான். அங்க பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் 'சோங்கொலோலோ' கழகம் இருந்தது. சோங்கொலோலோ எண்டால் மரவட்டை. சின்ன வகுப்புப் பிள்ளையளுக்கு அந்தப் பேரில ஒரு புத்தகம் வரும், ரேடியோவிலயும் நிகழ்ச்சி போகும். பெரிய வகுப்புக்கு வந்தால் 'சிப்பெம்பெலே', அது காண்டாமிருகம். மரவட்டையில இருந்து காண்டாமிருகம் ஆகிறதுதான் எங்களுக்குப் பெரிய ஆசை!

முதல் நாள் டீச்சர் ஒரு மரவட்டையைக் கையில விட்டவா. சுருண்டு போச்சுது. ஒரு மணித்தியாலம் அதைத்தான் பாத்தம். எத்தனை கால் எண்டு எண்ணினம், ஒருத்தருக்கும் ஒரே விடை வரேல்ல. இண்டைக்கும் மரவட்டையைக் கண்டால் மிதிக்க மாட்டன். யானையில தொடங்க வேணும் எண்டு ஆர் சொன்னது தம்பி? வயலுக்கு வராத ஒண்டில தொடங்குங்கோவன்.

எதிர்க்கட்சி

தாவடி அண்ணே, கதை நல்லா இருக்கு. ஆனா அந்த 'சிப்பெம்பெலே' கதி என்ன ஆச்சுன்னும் சொல்லிருங்க. லுவாங்வா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் இருந்த கறுப்புக் காண்டாமிருகம், நீங்க புத்தகம் படிச்ச அதே வருசங்களில் சுடப்பட்டுச் சுடப்பட்டு, 1998இல் சாம்பியாவில் ஒண்ணுகூட இல்லைன்னு அறிவிச்சாங்க. 2003இல்தான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வடக்கு லுவாங்வாவில் விட்டாங்க. பள்ளிக்குப் பள்ளி கழகம் இருந்தும் இதுதான் நடந்தது.

கென்யாவிலும் அதே கதை. வனவிலங்கு மன்றங்கள் 1968இல் தொடங்கினது, ஆப்பிரிக்காவிலேயே முதல். ஆனா 1973இல் லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல இருந்த யானை 1989இல் இருபதாயிரத்துக்குக் கீழே வந்தது.

தாவடி (டொரன்டோ)

உண்மைதான், மறுக்கேல்ல. ஆனா காண்டாமிருகத்தைச் சுட்டது எங்கட வகுப்புப் பிள்ளையளே? கொம்புக்கு வெளியில காசு இருந்தது, துவக்கு இருந்தது. எட்டு வயசுப் பிள்ளை மரவட்டை எண்ணி அதை மறிக்க ஏலுமே? பள்ளிக்கூடம் செய்யேலாத வேலையைப் பள்ளிக்கூடத்தின்ர தலையில கட்டாதேங்கோ.

பாசிப்பயறு (கிகாலி)

தாவடி சொல்றது சரி. கென்யாவில் யானை திரும்பினதுக்குக் காரணம் 1989இல் வந்த சர்வதேசத் தந்த வியாபாரத் தடையும் துப்பாக்கிக் காவலும். அதே வருசம் ஜனாதிபதி மோய் 12 டன் தந்தத்தை நைரோபியில் வச்சுக் கொளுத்தினார், உலகமே பார்த்தது. 2021 கணக்கெடுப்பில் 36,280 யானை. ஆனா வேட்டை குறைஞ்சதும் வேற பிரச்னை வந்துருச்சு. யானையும் கூடுது, வயலும் கூடுது. இனிமே யானை சாவோவில் இருக்குமா இருக்காதாங்கிறதை வெளிநாட்டுத் தந்த வியாபாரி தீர்மானிக்கப் போறதில்லை. அந்த 43 பிள்ளைகளோட அப்பா அம்மாதான் தீர்மானிக்கப் போறாங்க. பத்து வருசம் கழிச்சு அந்தப் பிள்ளைகளே.

முந்திரிக்கொட்டை

எல்லாரும் மறந்துட்டீங்க, ரிச்சர்ட் துரேரே! நைரோபி தேசியப் பூங்காவுக்குத் தெற்கே கிட்டெங்கெலாவில் மாசாய்ப் பையன். பூங்காவுக்குத் தெற்குப் பக்கம் வேலி இல்லாததால் சிங்கம் ராத்திரியில் வந்து மாட்டை அடிக்கும். இவன் பதினொரு வயசில் பழைய கார் பேட்டரி, சோலார் பலகை, உடைஞ்ச டார்ச்சோட பல்பு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பெட்டி எல்லாம் சேர்த்து, தொழுவத்தைச் சுத்தி மாறி மாறி மின்னுற விளக்கு கட்டினான். சிங்கம் வர்றது நின்னுருச்சு. 2013இல் டெட் (TED) உரை மேடையிலேயே பேசினான். அந்தக் காணொளியைப் போட்டுக் காட்டுங்க சார், பிள்ளைங்க பிச்சுக்கும்!

ஓய்வுவாத்தி

முந்திரிக்கொட்டை, அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். அதில் கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு. ஆறு வயசிலிருந்து அவனுக்கு மாடு காக்கிற பொறுப்பு. முதல்ல நெருப்பு மூட்டிப் பார்த்தான், சிங்கத்துக்கு வெளிச்சம் காட்டின மாதிரி ஆச்சு. அப்புறம் சோளக்கொல்லைப் பொம்மை வச்சான். முதல் நாள் பயந்த சிங்கம் ரெண்டாம் நாள் பொம்மை அசையலைன்னு கண்டுபிடிச்சிருச்சு. அப்புறம் ஒரு ராத்திரி டார்ச்சோட தொழுவத்தைச் சுத்தி நடந்தப்ப சிங்கம் வரலை. அசையுற வெளிச்சத்துக்குத்தான் பயம்னு அப்பத்தான் பிடிபட்டது. மூணு தடவை சோதிச்சு, ரெண்டு தடவை தோத்து, மூணாவதில் ஜெயிச்சான். அவனுக்கு யாரும் சிங்கத்தைப் பத்திப் பாடம் எடுக்கலை, அவன் முன்னாடி சிங்கத்தை வெறுத்ததாத்தான் அவனே சொல்றான். வெறுத்தவன் கண்டுபிடிச்சதால்தான் அந்தப் பக்கத்துச் சிங்கத்துக்கு உயிர் மிஞ்சுது.

உப்புக்காற்று தம்பி, உங்க பையன்களுக்கும் யானையைப் பத்தி உங்களைவிட நிறையத் தெரியும். முப்பத்தி நாலு வருசம் சாக்பீஸ் பிடிச்சவன் சொல்றேன், தெரியாத விஷயத்தில் தெரிஞ்ச மாதிரி நிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது கணக்கு, அதை எடுங்க.

வால்பாறை_மழை

கணக்குன்னதும் ஞாபகம் வந்தது. எங்க பக்கம் யானைப் பாகன்கள் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. முன்னங்கால் தடத்தோட சுற்றளவை ரெண்டால் பெருக்கினா தோள் உயரம் கிட்டத்தட்ட வரும். கயிறும் அளவுநாடாவும் போதும்.

எங்க தேயிலைத் தோட்டங்களில் யானை எங்கே நிக்குதுன்னு செல்போனுக்குச் செய்தி வரும், சிவப்பு விளக்கு எரியும், அதனால்...

நெறியாளர்

வால்பாறைக்குத் தனி இழையே ஓடுது, அங்கே வாங்க. அளவுநாடா மட்டும் இங்கே இருக்கட்டும்.

பாசிப்பயறு (கிகாலி)

சின்னத் திருத்தம். ரெண்டு மடங்கு கணக்கு ஆசிய யானைக்குப் பேர்போனது. ஆப்பிரிக்க யானைக்கு கென்யாவில் அம்போசெலி பூங்காவில் வேற வழி பிடிச்சாங்க. பின்னங்கால் தடத்தோட நீளத்தை அளந்து வயசைக் கணிக்கிறது. ரெண்டையும் செஞ்சு பார்க்கச் சொல்லுங்க. ஒத்துப்போகலைன்னா அதுவே ஒரு வகுப்பு.

உப்புக்காற்று

ரெண்டாம் வகுப்பு முடிஞ்சது. பெரிசா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

அளவுநாடா கொண்டு போனேன். முந்தின நாள் ராத்திரிதான் பள்ளிக்குப் பின்னால ஒரு ஷம்பாவுக்குள் யானை வந்திருந்தது (இங்கே வயலை ஷம்பா என்பாங்க). மண் ஈரம், தடம் அச்சு மாதிரி. நாலு நாலு பேரா பிரிஞ்சு அளந்தாங்க. வந்தது ஒண்ணா மூணா? பெருசு எத்தனை, குட்டி உண்டா? ஒரு மணி நேரத்தில் ஒரு பொண்ணு தீர்ப்பு சொல்லிட்டா: ரெண்டு ஆண், குட்டி கிடையாது, மேற்கே வந்து அதே வழியில் திரும்பிருக்கு. எப்படின்னேன். தாய்க்கூட்டம்னா சின்னத் தடம் கலந்திருக்கும், பயிருக்கு ராத்திரி தனியா வர்றது பெரும்பாலும் ஆண்தான்னா. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் அதுதான் இருக்குன்னு நான் அப்புறம் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். அவளுக்கு அவ பாட்டி சொன்னதாம்.

மிதிபட்ட சோளத்தையும் எண்ணினோம். ஒரு வரிசையில் எத்தனை, எத்தனை வரிசை, மொத்தம் எவ்வளவு போச்சு, அதில் எத்தனை நாள் உகாலி (சோளமாவுக் களி) கிண்டலாம். சதவீதம் இவ்வளவு வேகமா ஒரு வகுப்பு கத்துக்கிட்டு நான் பார்த்ததே இல்லை. வயல்காரர் மட்டும் ஓரமா நின்னுக்கிட்டே இருந்தார். அவர் மூஞ்சியைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருந்தது. அவரோட நஷ்டத்தில்தானே நான் கணக்குப் பாடம் நடத்தினேன்.

கடைசியில் ஒருத்தன், "டீச்சர், சாவோ சிங்கம் உங்க தாத்தாவைத் தின்னுச்சாமே?"ன்னான். 1898இல் ரயில் பாலம் கட்டினப்ப ரெண்டு சிங்கம் கூலியாட்களைத் தின்ன கதை. இந்தியர்னா அங்கே அந்த ஞாபகம்தான். அவங்கெல்லாம் பஞ்சாப், குஜராத் பக்கம்னு சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் அவனுக்கு வேண்டாம், தாத்தாவைத் தின்னுச்சா இல்லையா, அது போதும்.

கலகாரி_வெயில்

ஹாஹா, "தப்பிச்சு ஓடினவரோட பேரன்"னு சொல்லிருங்க சார், மரியாதை கூடும்.

சுவாஹிலிப்பித்தன்

ஒரு சொல் விவகாரம். சுவாஹிலியில் ம்ன்யாமா என்றால் விலங்கு. ந்யாமா என்றால் கறி. முன்னால் ஒரு ஒலி சேர்ந்தால் உயிர், அதை எடுத்தால் இறைச்சி. "வன்யாமாவை (விலங்குகளை) காப்போம்" என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளைகளின் காதில் அடுப்பு வாசமும் சேர்ந்துதான் கேட்கும். சாவோ ஓரத்தில் யானையைவிட அன்றாட விஷயம் கண்ணிதான். கம்பியை வளைத்து டிக்-டிக் மானுக்கு வைப்பார்கள். டிக்-டிக் முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். வறட்சிக் காலத்தில் வீட்டில் கறி என்றால் அதுதான். அதைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்காமல் முடியாது.

உப்புக்காற்று

எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாதோன்னு இருக்கு. கண்ணி பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். 43 பேரும் வாயே திறக்கலை. வகுப்பு முடிஞ்சு ஒருத்தன் தனியா வந்து, "எங்க மாமா வைப்பார். நீங்க யார்கிட்டேயாவது சொல்வீங்களா?"ன்னு கேட்டான். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

கூட வந்த ஒரு தன்னார்வலர், "எந்த இடம்னு கேளுங்க, ரேஞ்சர்கிட்டே சொல்லலாம்"னார். கண்ணியில் டிக்-டிக் மட்டும் மாட்டாது, யானைக்குட்டி கால், வரிக்குதிரை கழுத்துன்னு எதுவும் மாட்டும், அறுத்து அறுத்துச் சாகும். அது எனக்கும் தெரியுது. ஆனா...

ஓய்வுவாத்தி

தம்பி, கேட்கவே கேட்காதீங்க. பிள்ளை வாயால் வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்க வச்சா, அந்தப் பிள்ளைக்கு வீடும் போச்சு, பள்ளிக்கூடமும் போச்சு. வேவு பார்க்கிறது வாத்தியார் வேலை இல்லை. கண்ணியில் மாட்டின மிருகம் என்ன படும்னு சொல்லுங்க, சட்டம் என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க. ஆள் பேர் வேண்டாம்.

எதிர்க்கட்சி

முதல் தடவையா ஓய்வுவாத்தி ஐயா சொல்றதை ஒத்துக்கிறேன். கென்யாவில் 1977இலிருந்து வேட்டைக்கே தடை. 2013 சட்டத்தில் தண்டனை கடுமை. மாமா மாட்டினா அபராதம் கட்ட அந்த வீட்டில் என்ன இருக்கும்னு உங்க தன்னார்வலர் யோசிச்சாரா?

சுவாஹிலிப்பித்தன்

இதில் நான் மாறுபடுகிறேன். பெயர் கேட்க வேண்டாம், சரி. ஆனால் "மாமா பாவம்" என்று நிறுத்திவிட்டால் யானைக்குட்டியின் கால் பாவமில்லையா? ஓராண்டு முழுக்க அந்தப் பையன் கண்ணிக்கு வேறு வழி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்படியாவது செய்ய வேண்டும். கோழி வளர்ப்பு, முயல் வளர்ப்பு என்று பள்ளியிலேயே ஏதாவது தொடங்கலாமே.

உப்புக்காற்று

கோழி பத்தித் தலைமையாசிரியர்கிட்டே பேசிட்டேன். கீரி தின்னுரும்கிறார். பார்ப்போம்.

மூணாவது வகுப்புக்குத் தேன்கூட்டு வேலி. சாகல்லா பக்கம் இருக்கு, லூசி கிங் ஆராய்ச்சியால் வந்தது. யானைக்குத் தேனீன்னா ஆகாது, தும்பிக்கைக்குள்ளும் கண் ஓரத்திலும் கொட்டும். அதனால் வயலைச் சுத்திக் கம்பம் நட்டு, பத்து மீட்டருக்கு ஒரு பெட்டி கம்பியில் தொங்கவிடுறாங்க. யானை கம்பியைத் தள்ளினா பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஆடும், தேனீ வெளியே வரும். எல்லாத்திலும் தேனீ கிடையாது, ஒண்ணு விட்டு ஒண்ணு சும்மா மரப்பலகை. யானைக்கு அது தெரியாதாம். ஒன்பது வருசம் பதிவு பண்ணிப் பார்த்ததில், பயிர் முத்துற மாசங்களில் வந்த யானைகளில் நூத்துக்கு எண்பதுக்கு மேல திரும்பிப் போயிருக்கு. ஆனா வறட்சி வந்தா பூ இல்லை, தேனீ பெட்டியை விட்டுப் போயிரும், பெட்டி காலியானா வேலி வெறும் கம்பிதான். இந்தக் குறையை வயல்காரரே மறைக்காம சொன்னார், பிள்ளைகளுக்கு அது பிடிச்சது.

பத்து மீட்டருக்கு ஒண்ணுன்னதும் எல்லாரும் அவங்கவங்க ஷம்பாவுக்கு எத்தனை பெட்டி வேணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஒருத்தன் சதுரத்தைவிட வட்ட வயலுக்குப் பெட்டி குறையும்னு கண்டுபிடிச்சான்! சுற்றளவும் பரப்பும் ஒன்பதாம் வகுப்பில் நான் மூச்சு முட்ட நடத்துற பாடம்.

விபத்து ஒண்ணு. கிட்டே போகாதேன்னு சொல்லியும் ஒரு குறும்பன் கம்பியை ஆட்டிட்டான். எனக்கு மூணு கொட்டு, அவனுக்கு ஒண்ணு. அடுத்த நாள் பூரா இடது காது இட்லி மாதிரி. பையன்கள் இப்ப என்னைக் கூப்பிடுறதே 'ந்டோவு'ன்னுதான். யானை.

பாசிப்பயறு (கிகாலி)

நீங்களும் திரும்பிப் போயிட்டீங்களா? :)

எங்க ஊர்க் கதை. ருவாண்டாவில் 2005இலிருந்து வருசா வருசம் கொரில்லாக் குட்டிகளுக்குப் பேர் வைக்கிற விழா நடக்குது, க்விட்டா இசினா. பிள்ளைங்க கொரில்லா வேஷம் கட்டி ஆடும். நான் முதல்ல அதை வெறும் சுற்றுலா விளம்பரம்னு நினைச்சேன். அப்புறம் எரிமலைப் பூங்கா ஓரத்துப் பள்ளிக்குப் போனப்ப ஒரு பொண்ணு வகுப்பறைச் சுவரைக் காட்டி, "இது கொரில்லா கட்டினது"ன்னா. பூங்கா வருமானத்தில் நூத்துக்கு அஞ்சு பங்கு சுத்துவட்டார ஊருக்குன்னு இருந்தது, 2017இல் பத்தாச்சு. அதே வருசம் கொரில்லா பார்க்கிற அனுமதிச் சீட்டும் 1500 டாலர் ஆச்சு. மலைக் கொரில்லா மொத்தம் 1063, எண்ணிக்கை ஏறுது. அந்தப் பொண்ணுக்குப் பாடப்புத்தகத்தைவிட அந்தச் சுவர் தெளிவாச் சொல்லுது. அதுக்காக உருளைக்கிழங்கு வயலுக்குள் எருமை வந்தா அவங்க அம்மா திட்டாம இருக்காங்களான்னு கேட்காதீங்க. நல்லாவே திட்டுறாங்க.

எதிர்க்கட்சி

அந்தச் சுவர் வோய் கிராமத்தில் எங்கே?

உப்புக்காற்று

சுவர் இல்லை. படிவம் இருக்கு. அதுதான் நாலாவது வகுப்பு.

கென்யச் சட்டப்படி வனவிலங்கு ஆளைக் கொன்னா குடும்பத்துக்கு 50 லட்சம் ஷில்லிங், நிரந்தர ஊனத்துக்கு 30 லட்சம் வரை. பயிருக்கும் இழப்பீடு உண்டு. மாவட்டக் குழு பரிசீலிச்சு மேலே அனுப்பணும். இதெல்லாம் காகிதத்தில். ஊரில் கேட்டா, பாதிப் பேர் எழுதிப் போடுறதையே விட்டுட்டாங்க. படிவம் ஆங்கிலத்தில். எத்தனை ஏக்கர், எத்தனை சதவீதம் சேதம், தேதி, சாட்சி. அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் கூலி போகும். போனா "படம் எங்கே, அளவு எங்கே"ன்னு திருப்பி அனுப்புறது.

அளவு! எங்க பிள்ளைகளுக்கு இப்போ அளக்கத் தெரியுமே.

அதனால் அந்தப் படிவத்தையே பாடமா வச்சேன். முதல் வாரத்தில் கூரையில்லாத வீடு வரைஞ்ச பொண்ணு இருக்காளே, அவ வீட்டு வயலில் அதே வாரம் சேதம். எல்லாரும் போய் நீள அகலம் அளந்தாங்க, வரைபடம் போட்டாங்க, தடத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வச்சுப் படம் எடுத்தாங்க. அவளே ஆங்கிலத்தில் நிரப்பினா, அவ அப்பா கட்டைவிரல் வச்சார். ரேகை வைக்கிறப்ப மகளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார், தாளைப் பார்க்கலை.

முந்திரிக்கொட்டை

சார் சூப்பர்! ஆனா இது வனவிலங்குப் பாதுகாப்புப் பாடமா? நஷ்டஈடு வாங்குற பாடம் இல்லையா?

சுவாஹிலிப்பித்தன்

எனக்கும் அதே ஐயம். நாளைக்குப் பணம் வரவில்லை என்றால், "எழுதியும் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று கசப்பு இரட்டிப்பாகும். நம்பிக்கையைக் கடன் வாங்கி வகுப்பு நடத்தியிருக்கிறீர்கள்.

கலகாரி_வெயில்

வேல் எடுக்கிறவனுக்கும் விஷம் வைக்கிறவனுக்கும் வேற வழி இல்லாததுதான் காரணம். பேனா எடுக்க ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சா ஒரு ராத்திரியாவது யோசிப்பான். எனக்கு இதுதான் அசல் பாதுகாப்புப் பாடமாத் தெரியுது.

உப்புக்காற்று

சுவாஹிலிப்பித்தன் பயம் எனக்கும் இருக்கு. பிள்ளைகள்கிட்டே முதல்லயே சொன்னேன், பணம் வர வருசக்கணக்கா ஆகலாம், வராமலும் போகலாம்னு. "தெரியும் டீச்சர்"னாங்க. அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிருப்பாங்க போல.

அஞ்சாவது வகுப்பு: பூங்காவுக்குள். எங்க பள்ளி பஸ். வாசலைத் தாண்டினதும் எல்லாச் சத்தமும் நின்னுருச்சு. அருபா அணைப் பக்கம் செக்கச்செவேல்னு ஒரு கூட்டம், பதினேழு யானை, குட்டிங்க சேத்தில் புரளுது. பயப்படுவாங்கன்னு நினைச்சேன். தாய்க்கூட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் அசையாம நின்னு அவங்க பார்த்ததே இல்லை. ஒரு குட்டி வழுக்கி விழுந்துச்சு, பஸ்ஸே சிரிச்சுது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கேள்வி கேட்ட பையன் மெதுவா, "பகல்ல அதுக்கும் ஒரு வேலை இருக்கு"ன்னான். அப்புறம் பின்னங்கால் தடத்தை அளக்க இறங்கலாமான்னு கேட்டான். டிரைவர் முடியவே முடியாதுன்னுட்டார்.

திரும்புற வழியில் 2022 வறட்சி பத்திப் பேச்சு வந்தது. அந்த வருசம் பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை கென்யாவில் 205 யானை செத்ததா அரசாங்கம் கணக்குச் சொன்னது. நான் எண்ணைச் சொன்னேன். பிள்ளைங்க அவங்க வீட்டில் அந்த வருசம் செத்த ஆடு மாட்டு எண்ணிக்கையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க, வரிசையா, ஆளாளுக்கு. வோய் வர்ற வரைக்கும் அதுதான்.

எதிர்க்கட்சி

வாட்டா கதையைச் சொன்னீங்களா?

உப்புக்காற்று

நான் சொல்லலை. ஆறாவது வகுப்புக்கு ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கேன், பூங்காவுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்ததுன்னு அவரே சொல்லட்டும். தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் தயக்கம், அரசியல் ஆயிருமோன்னு. டீ கொடுத்துச் சமாளிச்சிருக்கேன்.

தாவடி (டொரன்டோ)

பெரியவர் சொல்லுறதை ஒலிப்பதிவு செய்யுங்கோ தம்பி, தவறவிடாதேங்கோ. மரவட்டையும் மறக்க வேண்டாம்.

உப்புக்காற்று

மறக்கலை. மழைக்குப் பிறகு பள்ளிக்கூட வாசல்ல விரல் நீளத்துக்கு ஊருது. எண்ணிப் பார்த்தோம், இங்கேயும் ஒருத்தருக்கும் ஒரே விடை வரலை.

ஒரு உதவி. அடுத்த பருவத்துக்கு ஏழாம் வகுப்பும் மன்றத்தில் சேருது, குறைஞ்சது எட்டு அளவுநாடா வேணும், முப்பது மீட்டர் நீளம். மொம்பாசா பியாஷாரா தெருவில் கேட்ட விலைக்கு மயக்கம் வருது. நைரோபியில் மலிவாக் கிடைக்கிற இடம் தெரிஞ்சவங்க தனிச்செய்தியில் சொல்லுங்க. சனிக்கிழமைக்கு முன்னாடி.